சோமவாரத்தில் விதைத்த கோதுமை

மார்க்கையன்கோட்டைக்கு மேற்கே, பாசன வாய்க்காலை ஒட்டி எங்களுக்கு முக்கால் ஏக்கர் வயல் உண்டு. தந்தையார் மறைந்தபின் எனக்கும் என் தம்பிக்கும் பொதுவாக வந்தது. தம்பி தேனியில் பைப்புக் கடை வைத்திருந்தான். வயலைப் பார்த்துக்கொண்டவன் நான். விடியலில் நீராடி, நீறு அணிந்து, ஒரு பதிகம் ஓதியபடியே வரப்பில் நடந்துவிட்டு வருவது என் அன்றாடம். பயிரைப் பார்ப்பதற்கென்று தனியாக நான் போனதில்லை. ஓதுவதற்குப் போனேன்; பயிரும் கண்ணில் பட்டது. இப்படிச் சொல்வது பக்திக்குப் பெருமையாக இருக்கலாம், உழவுக்குப் பெருமையில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அணைத் தண்ணீர் ஆனியில் வந்தால் முதல் போகம் நெல். ஐப்பசியில் அறுத்து, மறுபடியும் நெல். என் நினைவு தெரிந்த நாள் முதல் அந்த மண்ணில் நெல்லுக்குப் பின் நெல்லைத் தவிர வேறெதுவும் வேர் விட்டதில்லை. வைக்கோல் முழுவதும் வெளியே போய்விடும். முதல் வண்டி சாமி மாடுகளுக்கு, மிச்சம் வீட்டு மாடுகளுக்கு.

சாமி மாடுகள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் வேண்டுதல் பலித்தால் கன்றுக்குட்டியை இறைவனுக்கு நேர்ந்துவிடுவார்கள். அந்தக் கன்றை ஏரில் பூட்டுவதில்லை, விற்பதில்லை, பால் கறப்பதில்லை. மலையடிவாரத்துத் தொழுவத்தில் மற்றச் சாமி மாடுகளோடு சேர்ந்து வளரும். அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு வயலிலிருந்தும் முதல் வண்டி வைக்கோல் அந்தத் தொழுவத்துக்குப் போக வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் யாரும் மீறியதில்லை.

இரண்டாயிரமாவது ஆண்டு கடந்து சில ஆண்டுகளில் எங்கள் வயல் சோர்ந்துபோனது. ஈரத்தில் களியாகக் காலைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் மண்வெட்டி பட்டுத் தெறிக்கும். உரத்தைக் கூட்டக் கூட்டப் பயிர் பச்சையாக நின்றதே ஒழிய நெல்மணி நிறையவில்லை. பக்கத்து வயற்காரர் தம் மண்ணைச் செங்கல் காளவாசலுக்குக் கொடுத்துவிட்டார். இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டி எடுத்துப் போனார்கள். மழைக்காலத்தில் அந்தப் பள்ளம் குட்டையாக நின்றது. எங்கள் வரப்பும் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் சரிந்தது.

அந்த நேரத்தில்தான் தம்பி வந்து, வரப்பில் நின்றபடி தன் எண்ணத்தைச் சொன்னான். தேனி வீட்டுக்கு மாடி எழுப்ப வேண்டும். மகனுக்குத் திருமணம் முடிந்திருந்தது, இடம் போதவில்லை. காளவாசல் மேஸ்திரி வயல் மண்ணை எடுத்துக்கொண்டு, மாடிக்கு வேண்டிய செங்கல்லைத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"அண்ணே, நான் சும்மா சொல்லல. இந்த மண்ணு செத்துப் போச்சு. செத்ததக் கட்டி அழுதுக்கிட்டு எத்தன நாளைக்கு இருப்பீக? செங்கல்லாவாச்சும் எந்திரிக்கட்டும்."

"நம்ம அப்பா வச்சுட்டுப் போன மண்ணுடா."

"அப்பா எனக்கும்தான் வச்சுட்டுப் போனாக. மாடியில குடியிருக்கப் போறது அவுக பேரன்தான்."

என் வீடும் செங்கல்லால் கட்டியதுதான். எந்த வயலின் மேல்மண்ணோ அது. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அந்த ஆண்டு இரண்டாம் போகம் வரைக்கும் வயல் என் பொறுப்பு. மாசி அறுவடையில் மண் உயிரோடிருப்பதாக அவன் கண்ணுக்குப் பட்டால் வைத்துக்கொள்வது. இல்லையென்றால் பங்குனியில் மேஸ்திரியின் லாரி இறங்கும். நான் சரி என்று சொன்னேன். சொன்ன வாக்கு வாக்குத்தான்.

சின்னமனூரிலிருந்து வேளாண்மைத் துறைப் பெண் ஒருவர் எங்கள் பக்கம் வந்து போவார். இருசக்கர வண்டியின் பின்னால் எப்போதும் ஒரு மண்வெட்டி கட்டியிருக்கும். அவரிடம் வயலைக் காட்டினேன். அவர் இறங்கி, ஒரு முழம் வெட்டி, மண்கட்டியை உடைத்துப் பார்த்தார்.

"ஐயா, இங்கன ஒரு மண்புழுவாச்சும் இருக்கா பாருங்க."

பார்த்தேன். இல்லை.

"எத்தன வருசமா நெல்லு?"

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து."

"வைக்கோல?"

"மாட்டுக்குப் போயிரும்."

"அப்ப மண்ணு என்னத்தத்தான் திங்கும்? வருசம் ரெண்டு தடவ அதுகிட்டருந்து வாங்குறீக. ஒரு தடவையாச்சும் திருப்பிக் குடுத்தீகளா?"

என் பிள்ளை வயதுப் பெண் கேட்ட கேள்வி என்று தள்ளிவிட முடியவில்லை. இறைவனிடம் பெற்றதை இறைவனுக்கே திருப்பித் தர வேண்டும் என்று நாள்தோறும் ஓதுகிறவன் நான். காலடியில் கிடந்த மண் அந்தக் கணக்கில் சேரும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அவர் சொன்ன வழி இரண்டு பகுதியாக இருந்தது. ஒன்று, நெல் அறுத்ததும் வைக்கோலை வயலிலேயே பரப்பி, மடக்கி உழுது மக்க விடுவது. மற்றொன்று, அடுத்த போகத்தில் நெல்லை விட்டு வேறொரு பயிருக்கு மாறுவது. சேற்றிலேயே கிடந்த மண்ணுக்குக் காற்றுப்பட வேண்டும் என்றார். எங்கள் பள்ளத்தாக்கின் பனிக்குத் தோதான கோதுமை ரகம் ஒன்று சோதனைக்கு வந்திருக்கிறது, விதை தருகிறேன், போட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார்.

கோதுமை! மேகமலையிலிருந்து இறங்கும் குளிர் மார்கழியில் எங்களை நடுக்கத்தான் செய்யும். ஆனாலும் கோதுமை ரேஷன் கடை மூட்டையில் வருவது என்பதுதான் எங்கள் ஊரின் அறிவு. அது மண்ணில் முளைக்கும் என்று எவரும் நினைத்துப் பார்த்ததில்லை.

"ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க ஐயா," என்றார் போகும்போது. "வைக்கோல மடக்கி உழுது முழுசா ஒரு மாசம் விடணும். கொஞ்சம் யூரியா தூவி, ஈரம் காயாமப் பாத்துக்கங்க. அப்புறம்தான் வெத."

தலையை ஆட்டினேன். கேட்டுக்கொண்டேன் என்றுதான் நானும் நம்பினேன்.

அந்த ஆண்டு தண்ணீர் பிந்தி வந்ததால் அறுவடை ஐப்பசிக் கடைசிக்குத் தள்ளிப்போயிற்று. அறுத்துக் களத்தில் அடித்து முடித்த அன்று, வழக்கம் போலச் சாமி மாட்டுத் தொழுவத்திலிருந்து வண்டி வந்தது. வண்டியோடு வந்தவர் அந்த மாடுகளை மேய்த்துப் பராமரிப்பவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர், முறைக்கு எனக்கு மாப்பிள்ளை. வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுக் கயிற்றை உருவினார்.

"மாப்ள, இந்தத் தடவ வைக்கோல் இல்ல."

"என்ன மாமா, வெளையாடுறீகளா? இந்தா மலையாட்டம் குமிஞ்சு கெடக்கு."

"வயல்லயே போட்டு உழப் போறேன்."

அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அறுத்ததத் திரும்பப் பொதைக்கவா? செத்தவுகளத்தான் மாமா பொதைப்பாக."

"மண்ணு பசியா கெடக்குதாம்ப்பா."

"மண்ணுக்குப் பசின்னு உங்ககிட்ட வந்து சொல்லுச்சாக்கும். வாயுள்ள மாடு அங்கன நிக்கிதுக. அதுகளுக்கு நான் போயி என்ன சொல்லட்டும்? கோயில்ல நின்னு தேவாரம் படிக்கிறவுக இந்த வருசம் இல்லன்டாகன்னு சொல்லட்டுமா?"

களத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வெற்று வண்டி ஓசையெழுப்பிக்கொண்டு போனதை வாய்க்கால் திருப்பம் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என் குடும்பத்தில் சாமி மாட்டு வண்டி வெறுமையாகத் திரும்பியது அதுவே முதல் தடவை.

மறுநாள் வைக்கோலை வயலெங்கும் பரப்பி, டிராக்டரில் சுழற்கலப்பை பூட்டி மடக்கி உழுதோம். யூரியாவும் தூவினேன். அதன்பிறகு செய்ததுதான் பிழை. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

உழுத பத்தாம் நாள் கார்த்திகையின் முதல் சோமவாரம் வந்தது. நான் ஆண்டு முழுவதும் காத்திருக்கும் நாள் அது. உபவாசமிருந்து, ஈரத் துணியோடு கோயிலை வலம்வருவேன். இறைவனின் மாட்டுக்கு உரியதை மறுத்துவிட்டேனே என்ற உறுத்தல் உள்ளே கிடந்தது. அவனுக்குரிய நாளிலேயே விதைத்தால் அந்தக் குற்றம் நேராகிவிடும் என்று மனம் கணக்குப் போட்டது. பனி தவறினால் கோதுமை வராது, சீக்கிரம் விதைப்பதுதான் நல்லது என்ற நியாயமும் கைக்குக் கிடைத்தது. ஒரு மாதம் என்ற சொல் காதில் இருந்தது. நாளின் சிறப்பு அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கயிறு பிடித்துச் சால் போட்டு, விதையைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஐந்தெழுத்தைச் சொல்லியே விட்டேன். அந்த அளவுக்கு ஒழுங்காக நான் எந்த விதைப்பையும் செய்ததில்லை.

முளைப்பு அழகாக வந்தது. வரிசை வரிசையாகப் பசும் ஊசிகள். தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன், "பாக்கலாம்ணே" என்றான்.

மூன்றாம் வாரம் அடியிலைகள் மஞ்சளாயின. தண்ணீர்க் குறை என்று எண்ணிப் பாய்ச்சினேன். மஞ்சள் மேலே ஏறியது. மார்கழிப் பனியில் விடியலில் போய்ப் பார்த்தால், சுற்றிலும் கரும்பச்சையாக நெல் நிற்க, நடுவில் எங்கள் முக்கால் ஏக்கர் மட்டும் மஞ்சள் காமாலை கண்ட முகம் போல வெளுத்துக் கிடந்தது. வளரவுமில்லை, தூர் கட்டவுமில்லை.

ஊர் பேசியது. டீக்கடையில் நான் இருப்பது தெரியாமல் ஒருவர் சொன்னார்: "சாமி மாட்டு வாயில மண்ணப் போட்டாருல்ல, அதான் பயிரு வாயில மண்ணு." இன்னொருவர், "ஏலே, மெதுவாச் சொல்லு, பெரியவுக உள்ளாற இருக்காக" என்றார். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். முதுகில் கண்கள் பட்டதை உணர்ந்தேன்.

அந்த மார்கழியில் எனக்கு ஓதல் ஓடவில்லை. கோயிலில் நின்று வாய் திறந்தால், அறிந்த பாட்டின் நடுவில் அடி மறந்து நின்றுவிடுவேன். இறைவன் தண்டிப்பான் என்ற அச்சத்தில் நான் வளர்ந்தவனல்லன்; அன்பே வழி என்று ஓதி ஓதியே வயதானவன். ஆனாலும், பசித்த வாய்க்குப் போக வேண்டியதைப் பிடுங்கி மண்ணில் புதைத்துவிட்டேனோ, மாடும் கெட்டது, பயிரும் கெட்டது, இனி மண்ணும் போகப்போகிறதோ என்ற எண்ணம் வரப்பில் என்னோடு நடந்துவந்தது.

வேளாண்மைத் துறைப் பெண் வந்து பார்த்தார். இறங்கி, ஒரு செடியைத் தோண்டி எடுத்தார். வேரைச் சுற்றி மக்காத வைக்கோல் துண்டுகள் பின்னிக் கிடந்தன.

"ஐயா, எத்தனாம் நாள் வெதச்சீங்க?"

சொன்னேன். ஏன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"சோமவாரத்துக்கு ஒரு கொறையும் இல்லய்யா. வைக்கோலுக்குத்தான் அது தெரியல."

பிறகு பொறுமையாக விளக்கினார். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் இருக்கின்றன. வைக்கோல் விழுந்ததும் அவை உண்ணத் தொடங்குகின்றன. ஆனால் வைக்கோலில் தழைச்சத்து மிகக் குறைவு. ஆகவே மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் அவையே இழுத்து உண்டுவிடும். உண்டு முடித்து, பெருகி, மடிந்த பிறகுதான் மண்ணுக்குத் திரும்பக் கொடுக்கும். அதற்குத்தான் அந்த ஒரு மாதம். பந்தியில் அவை உட்கார்ந்திருக்கும்போதே நான் பயிரையும் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டேன். இலை காலி.

அவர் போனபின் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். சாமி மாட்டு மந்தை ஒன்று தொழுவத்தில் நிற்கிறது. என் காலுக்குக் கீழே இன்னொரு மந்தை, எண்ணிக்கைக்கு அடங்காதது, மேய்ப்பவர் யாரென்று எவரும் அறியாதது, இத்தனை ஆண்டுகளாகப் பட்டினி கிடந்திருக்கிறது. நான் வைக்கோலைப் புதைக்கவில்லை; ஒரு மந்தையிடமிருந்து எடுத்து மற்றொரு மந்தைக்கு இட்டிருக்கிறேன். இரண்டும் ஒருவனுடையவைதாம். அந்த எண்ணம் வந்ததும் நெஞ்சு இலேசாயிற்று. மறுநாள் கோயிலில் மறந்த அடி நினைவுக்கு வந்தது. பயிர் மட்டும் மஞ்சளாகவே நின்றது.

தை பிறந்து நாலைந்து நாளில் தம்பி மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். மேஸ்திரி ஒல்லியானவர், வாயில் வெற்றிலை, கையில் கடப்பாரை. கோதுமையைப் பார்த்து, "இது என்ன கோரைப்புல்லா?" என்று கேட்டார்.

"கோதும," என்றேன்.

"அப்படியா? நான் பூரியாத்தான் பாத்திருக்கேன்."

தம்பி சிரிக்காமல் என்னைப் பார்த்தான். "அண்ணே, நான் மாசி வரைக்கும் இருக்கேன்னு சொன்னேன், இருக்கேன். ஆனா பாருங்க, மண்ணு உசுரோட இருக்குன்னு இதப் பாத்து உங்களால சொல்ல முடியுமா?"

"இப்பச் சொல்ல முடியாதுப்பா."

"அவரு சோதிச்சு வச்சுக்கிறட்டும். பங்குனியில அலைய வேணாம்."

மேஸ்திரி வடக்கு மூலையில் ஒரு குழி வெட்டி, நாற்பது கல்லுக்கு வேண்டிய மண்ணைச் சாக்குகளில் கட்டி எடுத்துப் போனார். மாதிரிக்கல் அறுத்து, காயவைத்து, அடுத்த காளவாசலில் வைத்துச் சுட்டுப் பார்ப்பார்களாம். அந்தக் குழியை நான் மூடவில்லை. நாளும் அதைக் கடந்துதான் நடந்தேன்.

மாசிக் கடைசியில் கோதுமை அறுத்தோம். அறுக்க வந்த பெண்கள் கதிரின் முள் குத்துகிறது என்று முணுமுணுத்தார்கள். "ஆத்தாடி, இந்த முள்ளுக்கு நாத்து நடுறதே சொகம்," என்றாள் ஒருத்தி. "வேல முடிஞ்சதும் சப்பாத்தி சுட்டுத் தருவாகளாம்டி," என்றாள் மற்றொருத்தி. கதிர் குட்டையாகவும் மணி சிறுத்தும் இருந்தது. விதைத்த மூட்டைக்கு இரண்டரை மூட்டை கிடைத்தது. அதுவும் தூற்றி எடுத்தபின் பாதி சொத்தையாக நின்றது. தம்பியிடம் மறைக்காமல் சொன்னேன். அவனுக்கும் வருத்தம்தான், அதை அவன் காட்டிக்கொள்ளவில்லை.

பங்குனி முதல் வாரம், லாரி வரும் என்று எதிர்பார்த்திருந்த நாளில், மேஸ்திரி தம்பியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். மடியில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். வயல் வரப்பில் அதைப் பிரித்தார். சுட்ட செங்கல் மூன்று. மேல்முகம் முழுவதும் புழு அரித்த பலகை போலப் பொத்தல். ஒரு கல்லைத் தரையில் தட்டினார்; இரண்டாகப் பிளந்தது. நடுவில் கன்னங்கரேலென்று கருத்திருந்தது.

"நாப்பதுல ஒண்ணு தேறலண்ணே," என்றார் தம்பியிடம். "மண்ணு பூரா வைக்கோலு. தீயில வைக்கோலு எரிஞ்சு ஓட்டையாயிருது. உள்ள பாருங்க, வேகவே இல்ல. இதுல மாடி கட்டுனா மழைக்குக் கஞ்சியாக் கரைஞ்சிரும்."

"மேல ஒரு முழத்தத் தள்ளிட்டு எடுக்கலாம்ல?"

"தள்ளுறது யாரு, அள்ளுறது யாரு? அதுக்கு எனக்கு என்ன மிஞ்சும்? நல்ல மண்ணு ஆயிரம் எடத்துல கெடக்கு. வேணாம்ணே."

தம்பி அந்தக் கருத்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னிடம் திரும்பினான்.

"அண்ணே, இது வேணும்ட்டே செஞ்ச வேலதான?"

"சாமி சத்தியமா இல்லடா. எனக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாது."

"நீங்க சாமியக் கூப்புட்டுத்தான வெதச்சீக."

"கோதும நல்லா வரணும்னு கூப்பிட்டேன்."

தம்பி வாய்விட்டுச் சிரித்துவிட்டான். கோபமும் அந்தச் சிரிப்பில் இருந்தது. "கோதுமையும் வரல, கல்லும் வரல. நல்லாத்தான் காப்பாத்துறாக உங்க சாமி," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

மக்காத வைக்கோல் என் பயிரைக் கெடுத்தது. அதே வைக்கோல் என் மண்ணைக் காத்தது. இதை அருள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்படி எழுதினால் பக்கத்துப் பள்ளத்துக்காரருக்கு அருள் இல்லையென்று ஆகிவிடும். நடந்தது நடந்தபடி இருக்கட்டும்.

தம்பி மாடிக்கு வேறிடத்தில் கல் வாங்கிச் சுவர் எழுப்பத் தொடங்கினான், பாதியில் நின்றது. வயலை ஓர் ஆண்டு தொடப்போவதில்லை என்று சொல்லியனுப்பினான். மன்னிப்பா, சலிப்பா, தெரியவில்லை. நான் கேட்கவுமில்லை.

அந்த ஆண்டு வேளாண்மைப் பெண் சொன்னதைக் காதால் மட்டும் கேட்காமல் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். ஆனியில் தண்ணீர் வந்தபோது நெல் நடவில்லை. சுற்றிலும் நெல் வயல்கள்; அவற்றின் ஊற்று நீர் எங்கள் வயலுக்குள் கசியும் என்பதால் வரப்போரம் நாற்புறமும் வடிகால் வெட்டி, தட்டாம்பயறு விதைத்தேன். பயறு வகைச் செடி காற்றிலிருந்தே தழைச்சத்தை இழுத்து வேர் முடிச்சுகளில் சேர்த்து வைக்கும் என்றார். ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். வேரில் கம்பு மணி போல முடிச்சுகள் ஒட்டியிருந்தன. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. யாருக்கும் காட்டாமல் அள்ளிக் கொடுக்கிற சுபாவம் அதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

காய் பறித்து முடித்த பின், நான் சாமி மாட்டுத் தொழுவத்துக்கு நடந்து போனேன். மாப்பிள்ளை மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாமா. எங்க, இந்தத் தடவ மாட்டையும் பொதைக்கலாம்னு வந்தீகளா?"

"பயத்தங்கொடி கெடக்கு. பாதி உன் மாட்டுக்கு. பாதி மண்ணுக்கு."

அவர் வாளியைக் கீழே வைத்தார். என்னை அளந்துவிட்டு, "பாதிக் கொடியத் தூக்கிட்டு வர நான் எதுக்கு வண்டி கட்டணும்? மாட்டையே அங்கன கூட்டிட்டு வாரேன். திங்கிறதத் தின்னுட்டு நாலு நாள் உங்க வயல்லயே கெடை போடட்டும்," என்றார்.

எனக்கு அது தோன்றியதேயில்லை. சாமி மாடுகளை இரவில் வயலில் அடைத்துக் கிடை அமர்த்துவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அவை தொழுவத்தை விட்டு மலைக்குத்தான் போகும். கோயில் பெரியவர்களிடம் அவரே பேசினார். கிடையின் கடைசி நாள் விடியலில் நான் வயலுக்குப் போனபோது, முப்பது நாற்பது மாடுகள் குளிரில் ஆவிவிட்டபடி எழுந்து நின்றன. தரையெங்கும் சாணமும் கோமியமும். மாப்பிள்ளை போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"இப்ப யாருக்கு யாரு போட்டதுன்னு கணக்கு வச்சுக்கிறாதீக மாமா. போயி உழுங்க."

புரட்டாசிக் கடைசியில் கொடியையும் சாணத்தையும் மடக்கி உழுதேன். முழுதாக ஒரு மாதம் காத்தேன். அந்த மாதம் எவ்வளவு நீளமானது என்பது எனக்கு மட்டுமே தெரியும். விதைக்கும் நாளை மண்ணைத் தொட்டுத்தான் குறித்தோம். அள்ளினால் கையில் உதிர்ந்தது. மக்கிய இலையின் வாசம் வந்தது. புரட்டிய இடத்தில் ஒரு மண்புழு வெயிலுக்குக் கூசி நெளிந்தது. குனிந்து, அதன்மேல் கொஞ்சம் மண்ணை இட்டு மூடினேன்.

அந்த ஆண்டுக் கோதுமை இடுப்புக்கு வந்தது. மஞ்சள் என்பது கதிர் முற்றியபோதுதான். இதையெல்லாம் நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் வெயில் முந்தியும் கிளி இறங்கியும் பயிர் குறைந்ததும் உண்டு. ஆனால் மண் பின்னோக்கிப் போகவில்லை. நெல் ஒரு போகம், பயறு ஒரு போகம் என்று மாற்றி மாற்றி வைத்தபின் உரச் செலவு பாதியானது. நெல் வைத்த போகங்களில் முதல் வண்டி வைக்கோல் தொழுவத்துக்குப் போயிற்று, மிச்சம் மண்ணுக்கு.

அந்த இரண்டாம் கோதுமை அறுவடையன்று தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மனைவி புதுக் கோதுமையில் பொங்கலிட்டுக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். களத்தில் கட்டு அடித்துக்கொண்டிருக்கும்போது அதே மேஸ்திரி வந்து சேர்ந்தார். பக்கத்து ஊரில் மண் எடுத்துக்கொண்டிருந்தாராம். கடப்பாரையால் வயலில் இரண்டு குத்துக் குத்தி, மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"அண்ணே, வைக்கோல் பூரா மக்கிப் போச்சு. இப்ப மண்ணு வெண்ணெ மாதிரி இருக்கு. மேல ரெண்டு வெரக்கட விட்டுட்டு எடுத்துக்கிறேன். உங்க மாடி பாதியில நிக்குதாமே? மிச்சச் செவரு, தட்டோடு, எல்லாத்துக்கும் நான் பொறுப்பு."

அடித்துக்கொண்டிருந்த கட்டு என் கையில் நின்றுவிட்டது. தடுக்க எனக்கு உரிமை உண்டு. ஆனால் மாசி வரைக்கும் என்று ஒருமுறை வாக்குக் கொடுத்து, அந்த மாசியில் தோற்றவன் நான். அதன்பின் வந்தது அவன் விட்டுக்கொடுத்த ஆண்டு. ஆகவே முடிவை அவனுக்கே விட்டேன். தம்பி எழுந்து வரப்புக்குப் போனான். செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கி நின்றான். பக்கத்துப் பள்ளத்தில் கோரை மண்டித் தண்ணீர் பாசி பிடித்துக் கிடந்ததை நெடுநேரம் பார்த்தான்.

"மேஸ்திரி, எடுத்த மண்ணு திரும்பி வருமா?"

"செங்கல்லா வரும்ணே."

"அதக் கேக்கல."

"அது எப்பிடிண்ணே வரும்? ஒரு அடி மண்ணு சேர நம்ம ஆயுசு பத்தாதே."

"அப்ப வேணாம்."

"மாடிக்கு என்ன செய்வீக?"

"ஓடு போட்டுக்கிறேன்."

"ஓடும் மண்ணுதான்ணே."

"தகரம் போட்டுக்கிறேன்யா, போ!"

களத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், மேஸ்திரியும் சிரித்தார். அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "சித்திரையில தகரத்துக்கு அடியில படுத்துப் பாருங்க, தெரியும்," என்றாள்.

சொன்னபடியே தகரம்தான் போட்டான். சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஓர் ஆடிக் கடைசியில், தேனிக்குப் போயிருந்தபோது அந்த மாடியில் தங்கினேன். பிற்பகலில் சாரல் வலுத்துப் பெருமழையானது. கூரையின் மேல் அது விழுந்த ஓசையில், நான் தாழ்ந்த குரலில் ஓதிக்கொண்டிருந்தது எனக்கே கேட்கவில்லை. தம்பியின் மருமகள் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ கடிந்துகொண்டாள். அவள் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. எதிரே நாற்காலியில் இருந்த தம்பி என்னைப் பார்த்துக் கையைக் குவித்து, அத்தனை பெரிய ஓசைக்கு மேலாகக் கத்தினான்:

"பயத்தங்காயி பறிச்சாச்சாண்ணே?"

"நாளைக்குப் பறிக்கிறாக," என்று நானும் கத்தினேன்.

"நானும் வாரேன்," என்றான்.